விரலை எடுக்கும் முன் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்: காலுக்கான பலூன் சிகிச்சை, வீட்டிலிருந்து வீடு வரை

சுகர் உள்ளவரின் கால்விரல் கறுத்துவிட்டால் முதலில் கிளம்பும் பேச்சு, "விரலை எடுத்துட்டாச் சரியாப்போயிரும்" என்பதுதான். எடுத்த இடம் ஆறவும் ரத்தம் வேண்டும். தொடையிலோ கெண்டைக்காலிலோ ரத்தக்குழாய் அடைத்துக் கிடக்கும்போது கீழே விரலை மட்டும் எடுத்தால், வெட்டிய ஓரம் ஆறாமல் கறுக்கும். அடுத்தது பாதிப் பாதம், அதற்கடுத்தது முழங்காலுக்குக் கீழே. அந்த வரிசை தொடங்கும் முன்பே குழாயைத் திறக்க இன்று வழி இருக்கிறது. தொடையிடுக்கில் ஒரு சின்னத் துளை, அதன் வழியே ஒரு கம்பி, கம்பியின் மேல் ஒரு பலூன்.

இந்தச் சிகிச்சை பிறந்ததே காலில்தான். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், விரல்கள் அழுகியும் காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவருக்கு, சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் தொடைக் குழாயின் அடைப்பை விரித்துக் கொடுத்தார். அப்போது பலூன் இல்லை. கம்பியின் மேல் ஒன்றைவிட ஒன்று பெரிதான குழல்களைச் செலுத்தித்தான் விரித்தார். அந்த அம்மா கடைசிவரை தன் காலிலேயே நடந்தார். ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் 1974-ல் காலுக்குப் பலூனைக் கொண்டுவந்தார். இதயத்துக்கு அது போனது 1977-ல்தான். நம் பக்கத்தில் இதயத்துக்கு ஆஞ்சியோ செய்வது எல்லோருக்கும் தெரிகிறது. காலுக்கும் உண்டு என்பது பலருக்கு விரல் போன பிறகே தெரிய வருகிறது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று பெரிய வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருக்க, பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும், தூரத்திலிருந்து போனில் முடிவெடுப்பவருக்கும் இது எழுதப்பட்டது.

வீட்டில் பார்க்க வேண்டியவை

நடந்தால் கெண்டைக்கால் கடுத்து, இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விட்டுவிடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும் என்றால் அது குழாய் அடைப்பின் வலி. மூட்டு வலி இப்படிக் கணக்காக வந்து போகாது. அடைப்பு முற்றினால் இரவில் படுத்ததும் பாதமும் விரல்களும் வலிக்கும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் குறையும். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கும் பெரியவரை "தூக்கம் வரலை போல" என்று விட்டுவிடாதீர்கள். சுகரால் நரம்பு மரத்துப்போனவருக்கு இந்த வலி எதுவுமே தெரியாமல் நேராகப் புண்ணில் வந்து நிற்கவும் கூடும்.

படுக்க வைத்து இரண்டு காலையும் 45 டிகிரி உயர்த்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். உள்ளங்கால் வெளுத்தால் ரத்தம் குறைவு. பிறகு உட்கார்த்திக் காலைத் தொங்கவிடுங்கள். அடைப்புள்ள கால் சிறிது நேரத்தில் செக்கச் சிவந்துவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்து "ரத்தம் நல்லா ஓடுது" என்று எண்ணுவது வழக்கமான தவறு. ரத்தத்துக்குத் தவித்து விரிந்து கிடக்கும் நுண்குழாய்களில் தேங்கிய ரத்தம் அது.

நம் வீட்டுத் தரை பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பூவும் கட்டமுமாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும். மரத்துப்போன பாதத்தின் அடியில் புண் கசிந்தால், அந்த ஈரத் தடம் பூ வேலைப்பாட்டில் கலந்து தெரியாமலே போகும். சுகர் உள்ள பெரியவருக்கு வெள்ளைப் பருத்திக் காலுறை வாங்கிக் கொடுங்கள். ரப்பர் விளிம்பு இறுக்கக் கூடாது. இரவு கழற்றும்போது உட்புறத்தைத் திருப்பி விளக்கில் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் கறை இருந்தாலும் அன்றே பாதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் வளவு வாசல் கல் நண்பகலில் கொதிக்கும். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, மாலையில் கொப்புளம்தான் தெரியும். முற்றத்துக்கும் செருப்பு போட வேண்டும்.

செய்யவே கூடாதவை: வெந்நீரில் கால் வைப்பது, சூடான மணல் ஒத்தடம், காலாணிக்கு மருந்துப் பிளாஸ்திரி ஒட்டுவது, பிளேடால் சீவுவது. இன்னொன்றும் உண்டு. கால் வீங்கினால் மருந்துக் கடையில் இறுக்கக் காலுறை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அது சிரைக் கோளாறுக்கு நல்லது. தமனி அடைத்த காலில் மிச்சமிருக்கும் ரத்தத்தையும் நெரித்துவிடும். கீழே சொல்லும் ஏ.பி.ஐ. பார்க்காமல் அதைப் போட வேண்டாம்.

ஏ.பி.ஐ. எடுப்பது

கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் ஏ.பி.ஐ. தேவையானவை ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் கையடக்க டாப்ளர் (8 மெகாஹெர்ட்ஸ் முனை), சாதாரண பி.பி. கருவி, ஜெல். ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். குடும்ப டாக்டரோ செவிலியரோ இருபது நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்து 10 நிமிடம் பேசாமல் இருக்க விடவும். நடந்து வந்த உடனே எடுத்தால் எண் பொய் சொல்லும். முதலில் இரண்டு கையிலும் டாப்ளர் வைத்தே அழுத்தம் எடுத்து, கூடுதலானதைக் குறித்துக்கொள்ளவும். பிறகு பி.பி. பட்டையைக் கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே நேராகச் சுற்றவும். புண் இருந்தால் முதலில் சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடவும். உள்கணுக்காலுக்குப் பின்புறம் ஒரு நாடி. புறங்காலில், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேல்நோக்கிப் போகும் கோட்டில் இன்னொன்று. முனையை 45 முதல் 60 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் வைக்கவும். அழுத்தினால் குழாய் மூடிக்கொண்டு சத்தமே வராது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

சத்தம் மறையும் வரை காற்றடித்து, மேலும் 20 ஏற்றி, நொடிக்கு 2 வீதம் இறக்கவும். முதலில் சத்தம் திரும்பும் எண்தான் அந்தக் குழாயின் அழுத்தம். கையில் 140, கணுக்காலில் 82-ம் 70-ம் வந்தால், கூடுதலான 82-ஐ 140-ஆல் வகுக்க வேண்டும்: 0.59.

1.0 முதல் 1.4 வரை இயல்பு. 0.9-ம் அதற்குக் கீழும் அடைப்பு. 0.4-க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. 1.4-ஐத் தாண்டினால் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சந்தோஷப்பட வேண்டாம். பல ஆண்டு சுகரிலும் சிறுநீரகக் கோளாறிலும் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டையால் நசுக்க முடியாத இரும்புக் குழாய் போல ஆகிவிடும். எண் பொய்யாக ஏறும். சிலருக்கு அது 1.1 என்று இயல்பு போலவே வந்து ஏமாற்றும்.

அப்போது காது கைகொடுக்கும். நல்ல குழாயின் ஒலி ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மூன்று பகுதியாக, சாட்டை சொடுக்குவது போலக் கூர்மையாக எழுந்து, சட்டென்று திரும்பி அடங்கும். மேலே அடைப்பிருந்தால் அந்தக் கூர்மை போய்விடும். "ஊ… ஊ…" என்று காற்று இழுப்பது போல ஒற்றை ஒலியாக மெதுவாக எழுந்து மெதுவாக விழும். எண் 1.1, ஒலி இப்படி என்றால் ஒலியை நம்புங்கள். கட்டைவிரல் அழுத்தம் எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். விரலின் குழாயில் சுண்ணாம்பு அவ்வளவு படியாது. விரல் அழுத்தம் 30-க்குக் கீழே என்றால் புண் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு.

எங்கே, எவ்வளவு சீக்கிரம்

இந்தப் பலூன் சிகிச்சையைச் செய்பவர் ரத்தநாள அறுவை நிபுணர், அல்லது கதிரியக்கத் துறையில் இந்தப் பயிற்சி பெற்றவர். போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களுக்கும் பலூன் செய்வீர்களா? பலூன் தோற்றால் பைபாஸ் (அடைப்பைச் சுற்றி வேறு குழாய் இணைக்கும் அறுவை) செய்யவும் அங்கேயே ஆள் இருக்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் இடமே நல்லது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்பதால் இரண்டையும் விசாரிக்கலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் காட்டுங்கள். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை என்பது மொத்த வரம்பு. உங்களுக்குப் போடப்போகும் பலூனும் ஸ்டென்ட்டும் (குழாயை விரித்துத் தாங்கும் உலோக வலை) அந்தத் தொகுப்பில் வருகிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

நடந்தால் மட்டும் வலிக்கிறது என்றால் அவசரமில்லை. புகையிலையை நிறுத்தி, மருந்து சாப்பிட்டு, வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடந்து, ஒரு தடவைக்கு 30 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம் பழகினால் பலருக்குப் பலூனே தேவைப்படாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான். படுத்திருக்கும்போதே வரும் ஓய்வு வலியோ ஆறாத புண்ணோ இருந்தால் நாள் கணக்கில் பார்க்க வேண்டும், மாதக் கணக்கில் அல்ல.

இரண்டு நிலைமைகளில் எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஒன்று, நன்றாக இருந்த கால் திடீரென்று வலித்து, வெளுத்து, சில்லிட்டு, விரல் அசையாமல் போவது. இதயத்திலிருந்து ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் தசை செத்துவிடும். தைலம் தேய்த்துப் பார்க்கும் நேரமல்ல அது. 108-ஐக் கூப்பிட்டு, நேராக ரத்தநாள நிபுணர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். மற்றது, புண்ணில் சீழ், நாற்றம், பாதம் முழுக்கச் சிவப்பு, காய்ச்சல். அங்கே முதல் வேலை சீழை வெளியேற்றுவது, அன்றே. ரத்த ஓட்டத்தைத் திறப்பது அதற்கடுத்து ஓரிரு நாளில். "முதலில் ரத்த ஓட்டம்" என்று மேலே சொன்னதற்கு இது மட்டுமே விலக்கு. கறுத்து, காய்ந்து, நாற்றமில்லாமல் இருக்கும் விரல் காத்திருக்கும். அதை நனைக்காமல், களிம்பு போடாமல், காய்ந்த துணியில் சுற்றி வைத்தால் போதும்.

போகும் முன்

கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். (இரண்டும் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி. ஆகியவற்றைச் சமீபத்தில் எடுத்ததாகக் கொண்டுபோங்கள். சி.டி. ஆஞ்சியோ எடுத்திருந்தால் வாட்ஸப்பில் அனுப்பிய தாள் போதாது; படங்கள் அடங்கிய டிஸ்க் தகடே வேண்டும். கம்பி எங்கே நுழைய வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மருந்தில்தான் அதிகம் குழப்பம் வருகிறது. ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் "ரத்தம் கசியும்" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கூடாது, இந்தச் சிகிச்சைக்கு அவை வேண்டும். வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எந்த நாளில் நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்துத்தான் மீண்டும் தொடங்குவார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். பட்டினி கிடக்கும்போது அவை ரத்தத்தில் அமிலம் ஏற்றக்கூடும் என்பதால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வது உண்டு. பட்டினியோடு காலை இன்சுலினை வழக்கம்போலப் போட்டுவிட்டு வந்து, வழியில் சுகர் இறங்கி மயங்குவது நடக்கிறது. அன்றைய அளவை முதல் நாளே கேளுங்கள். திட உணவு 6 மணி நேரம் முன் வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன் வரை என்பது பொது விதி.

தொடையிடுக்கு முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். கீறல் விழுந்தால் கிருமி புகும். அங்கே மெஷினால் கத்தரிப்பார்கள். காரில் போகும்போது குதிகால் தரையில் பதிந்தபடி இரண்டு மணி நேரம் இருந்தால், ரத்தம் குறைந்த காலில் அதுவே புது புண். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான்.

கேத் லேபுக்குள் நடப்பது

கேத் லேப் என்பது எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே குழாய்க்குள் வேலை செய்யும் அறை. பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. தொடையிடுக்கை மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்வார்கள். அசையாமல் படுத்திருக்கும் நேரம் ஒன்று முதல் மூன்று மணி. முதுகு வலி உள்ளவர் முன்கூட்டியே சொன்னால் அடியில் மெத்தை வைக்கலாம்.

முதல் படி துளை. அல்ட்ராசவுண்டில் பார்த்து, தொடை எலும்பின் பந்துக்கு நேரே உள்ள தமனியில் ஊசி இறங்கும். இந்த இடம் முக்கியம். இதற்கு மேலே குத்திவிட்டால் பிறகு அழுத்திப் பிடிக்க அடியில் எலும்பு இருக்காது, ரத்தம் வயிற்றின் பின்பக்கம் கசியும். கீழே குத்தினால் துளை சரியாக மூடாமல் ரத்தக் குமிழ் உண்டாகும். பின்னால் வரும் சிக்கல்களில் பல இந்த ஒரு ஊசியில் தீர்மானமாகிறது. ஊசி வழியே கம்பி, கம்பியின் மேல் ஷீத் என்ற குழல். வழக்கமான அளவு 6 பிரெஞ்ச், அதாவது உள்விட்டம் 2 மி.மீ. அடைப்பு மேலே இடுப்பருகில் இருந்தால் எதிர்க் காலில் துளையிட்டு, குழாய்கள் பிரியும் கவட்டை மேல் ஏறி இந்தப் பக்கம் இறங்குவார்கள். கெண்டைக்கால் குழாய்க்கு அதே காலில் கீழ்நோக்கிப் போவது கிட்டத்தில் முடியும், கம்பியும் கை சொன்னபடி கேட்கும்.

ரத்தம் உறையாமல் ஹெபாரின், கிலோ எடைக்கு 70 முதல் 100 யூனிட். பிறகு எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்கான டை மருந்து செலுத்திப் படம். அப்போது கால் முழுக்கத் திடீரென்று சூடாகும். பயப்பட வேண்டாம், நொடிகளில் அடங்கும். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவருக்கு டைக்குப் பதிலாகக் கரியமில வாயுவை வைத்தே தொடைவரை படம் எடுக்க முடியும். கேட்கத் தயங்காதீர்கள்.

அடைப்பைத் தாண்டுவதுதான் இதில் பெரிய வேலை. தொடைக்கு 0.035 அங்குலக் கம்பி, கெண்டைக்காலுக்கு 0.018 அல்லது 0.014. முழுதும் மூடிய குழாயில் கம்பி நடுவழியே போகாமல் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்துவிடுவது உண்டு. அப்படியே கீழே போய், அடைப்பு முடிந்த இடத்தில் மறுபடி உள்ளே நுழைந்தால் அதுவும் ஒரு வழிதான். நுழைய முடியாவிட்டால் புறங்காலிலோ கணுக்காலிலோ இன்னொரு துளை போட்டு, கீழிருந்து மேலே ஒரு கம்பி அனுப்பி, இரண்டையும் சந்திக்க வைப்பார்கள்.

கம்பி தாண்டிவிட்டால் பலூன். இடுப்புக் குழாய்க்கு 7 முதல் 10 மி.மீ., தொடைக்கு 5 அல்லது 6, முழங்காலுக்குக் கீழே 2 முதல் 3.5. டையும் சலைனும் கலந்த திரவத்தால் அதை நிரப்புவார்கள். திரையில் பார்த்தால் பலூன் இரண்டு முனையிலும் உப்பி, அடைப்பு இருக்கும் இடத்தில் உடுக்கையின் இடுப்பு போல ஒடுங்கி நிற்கும். அழுத்தம் 6, 8, 10 அட்மாஸ்ஃபியர் என்று ஏறும்போது ஒரு கட்டத்தில் அந்த இடுப்பு சட்டென்று மறைந்து பலூன் நேராகும். அப்படியே 2, 3 நிமிடம் பிடித்து வைப்பார்கள். அவசரமாகச் சுருக்கினால் குழாய் மறுபடி ஒடுங்கும், உள்சுவரும் தாறுமாறாகக் கிழியும். அந்த நிமிடங்களில் காலில் இறுக்கமான வலி இருக்கும். பலூன் சுருங்கினால் போகும். போகாமல் குத்தும் வலி நின்றால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதற்கும் வழி உண்டு: பலூனையே மறுபடி மெல்ல உப்பி உள்ளிருந்து அடைத்துப் பிடிப்பது, அடங்காவிட்டால் துணி மூடிய ஸ்டென்ட்.

எல்லோருக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டியதில்லை. பலூனுக்குப் பிறகும் குழாய் பாதிக்கு மேல் சுருங்கினாலோ, கிழிந்த சுவர் ரத்தத்தை மறித்தாலோதான் வைக்க வேண்டும். தொடையிடுக்கிலும் முழங்கால் மடிப்பிலும் தவிர்ப்பது நல்லது; சம்மணம் போட்டு உட்காரும் நம் ஆட்களுக்கு அங்கே உலோகம் மடங்கி மடங்கி உடையும். தொடையில் மறு அடைப்பைத் தள்ளிப்போட பாக்ளிடாக்செல் என்ற மருந்து தடவிய பலூன் பயன்படுகிறது. அதனால் இறப்பு கூடுகிறதோ என்று 2018-ல் எழுந்த சந்தேகத்தைக் கூடுதல் தரவுகள் உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் தன் எச்சரிக்கையைத் தளர்த்தியது.

முடிக்கும் முன் பாதம் வரை டை ஓடுகிறதா என்று கடைசிப் படம் எடுப்பார்கள். தொடையில் திறந்து, உடைந்த துகள் ஒன்று கெண்டைக்காலில் போய் அடைத்திருந்தால் அப்போதே உறிஞ்சி எடுக்க வேண்டும். "பாதத்துக்கு எத்தனை குழாய் திறந்திருக்கு, புண் இருக்கும் பக்கத்துக்குப் போகுதா?" என்று வெளியே வரும் டாக்டரிடம் கேளுங்கள். "நல்லபடியா முடிஞ்சுது" என்பதைவிட இந்தப் பதில்தான் உங்களுக்கு உதவும்.

பலூன் எப்போது சரியில்லை

சின்னத் துளை என்பதாலேயே அது எப்போதும் மேல் என்று ஆகிவிடாது. தொடையிடுக்குத் தமனியிலேயே அடைப்பு என்றால் அங்கே ஒரு சிறு கீறல் போட்டுச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பது ஆண்டுக்கணக்கில் தாங்கும். 2022-ல் வந்த பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், காலில் நல்ல சிரை இருந்தவர்களுக்கு அதை வைத்துச் செய்த பைபாஸ் பலூனைவிடச் சிறந்த பலன் தந்தது. 2023-ல் வந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே உள்ள அடைப்புகளில், முதலில் பலூன் செய்தவர்களே மேலாக இருந்தார்கள். ஆகவே அறுவையைத் தாங்கும் உடம்பும் நல்ல சிரையும் உள்ளவர், பலூனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் "என் கால் சிரையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்க வேண்டும். எண்பது வயதில் இதயமும் பலவீனமானவருக்குப் பலூனே முதல் வழி.

முதல் நாள்

ஷீத்தை எடுத்ததும் 15 முதல் 20 நிமிடம் கையால் அழுத்துவார்கள். பிறகு காலை மடக்காமல் 4 முதல் 6 மணி நேரம்; மூடும் கருவி போட்டிருந்தால் குறையும். தும்மல், இருமல் வந்தால் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தலையைத் தூக்கினாலே வயிறு இறுகித் துளை மேல் அழுத்தம் விழும். குடிக்க ஸ்ட்ரா கொடுங்கள்.

துளையில் ஒன்றும் தெரியாமலே இடுப்பிலோ முதுகிலோ வலி, வியர்வை, பி.பி. இறக்கம் என்றால் வயிற்றின் பின்பக்கம் ரத்தம் கசிகிறது என்று எண்ணி உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். இதை "வாயு" என்று விட்டால் உயிருக்கு ஆபத்து. அடுத்த நாட்களில் தொடையிடுக்கில் துடிக்கும் கட்டி தெரிந்தால் அது துளை மூடாததால் உண்டான ரத்தக் குமிழ். அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசி போட்டே சரிசெய்ய முடியும். துளையிட்ட காலோ சிகிச்சை செய்த காலோ மறுபடி சில்லிட்டால் நள்ளிரவானாலும் சொல்லுங்கள். பாதம் சூடாகிச் சற்று வீங்கி எரிவது ரத்தம் வந்ததற்கு அடையாளம். கெண்டைக்கால் கல்லாக இறுகி, விரலை அசைத்தால் தாங்க முடியாத வலி என்றால் அது வேறு: தசைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, அவசரம்.

வீட்டுக்கு வந்த பின்

ஒரு வாரம் கனமான குடம் தூக்க வேண்டாம், குந்தி உட்கார வேண்டாம். மாடிப்படியும் நிலைப்படியும் உயரமான வீடுகளில் முகப்பை ஒட்டிக் கீழேயே படுக்கை போடுங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியேட்டினின் பாருங்கள். சிறுநீர் குறைந்தால் அதற்கு முன்பே.

விரலை எடுக்க வேண்டியிருந்தால் இதுதான் நேரம். குழாய் திறந்த சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள், எது பிழைக்கும் எது பிழைக்காது என்ற எல்லை தெளிவாகும்போது, செத்த பகுதியை மட்டும் எடுத்தால் ஆறும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் கெண்டைக்கால் குழாய் மறுபடி அடைக்கத் தொடங்கிவிடும். திறந்த குழாய் புண் ஆறும் வரை தாங்கினாலே போதும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் கணக்கு. அந்த மாதங்களை வீணாக்கக் கூடாது.

பத்தியம் என்று முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி கொடுப்பது புண்ணைப் பட்டினி போடுவது. சிறுநீரகக் கட்டுப்பாடு சொல்லியிருந்தாலொழிய புரதம் வேண்டும். கவுனி அரிசியும் கந்தரப்பமும் சர்க்கரைக்காகத்தான் குறைக்க வேண்டியவை.

மருந்து: ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் சேர்த்து ஒன்று முதல் ஆறு மாதம், பிறகு ஒன்று மட்டும் ஆயுளுக்கும். சிலருக்கு ஆஸ்பிரினோடு ரிவராக்சபான் 2.5 மி.கி. இரண்டு வேளை தருவார்கள். கொழுப்பு இயல்பாக இருந்தாலும் அட்டார்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வேண்டும். அது குழாய்ச் சுவருக்கான மருந்து. சிலோஸ்டசால் நடை வலிக்கு நல்லது, இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கூடவே கூடாது.

பாதத்துக்கு எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர் தளம் உள்ள) செருப்பு, பின்வாரோடு, கட்டைவிரல் வளையம் இல்லாமல். அடியில் புண் இருப்பவருக்கு அந்த இடம் தரையில் படாதபடி தளம் வெட்டித் தர வேண்டும். கடையில் கிடைக்கும் ஒரே அளவு செருப்பு உதவாது. குன்றக்குடி ஏறுவதும் தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணமும் இங்கே உயிரோடு கலந்தவை. மரத்த பாதத்தோடு வெறுங்காலில் அந்தச் சாலையில் நடப்பது இந்தக் காலுக்கு முடியாது. கோயிலுக்குள் போகத் தனியாக ஒரு தடித்த, சுத்தமான காலுறை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள்.

ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று டாப்ளர் ஸ்கேன். புண் இன்னும் ஆறாமல் இருந்தால் அதைவிட அடிக்கடி. ஒவ்வொரு தடவையும் இரண்டு காலின் ஏ.பி.ஐ. எண்ணையும் தேதியோடு ஒரே நோட்டில் எழுதுங்கள். சிகிச்சைக்குப் பிறகு வந்த எண்ணிலிருந்து 0.15-க்கு மேல் இறங்கினால், வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே போக வேண்டும். முழுதும் மூடும் முன் பிடித்தால் மறுபடி ஒரு பலூன், அரை நாள் வேலை. இன்னொரு காலை மறக்காதீர்கள். ஒரு காலில் அடைத்தவருக்கு மற்றதிலும், இதயத்திலும், கழுத்திலும் அதே நோய்தான் ஓடிக்கொண்டிருக்கும். நெஞ்சு கனமோ, திடீரென்று வாய் கோணலோ பேச்சுக் குளறலோ வந்தால் கூப்பிட வேண்டியது அதே 108.